கேஷும் காசும்: வவுச்சர் இல்லாத ஒரு பெருமை

டிஸ்கி: தமிழ்ப்பற்று கொஞ்சம் தூக்கலாக உள்ளவர்கள் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வாசிக்கவும். எனக்கும் தாய்மொழி தமிழ்தான். அச்சன்புதூரில் பிறந்து தென்காசி பஸ்ஸில் தொங்கியே வளர்ந்த பி.காம் மாணவன். மொழியியல் எல்லாம் படித்தவன் இல்லை. "வவுச்சர் இல்லாமல் என்ட்ரி போடாதே" என்று மூன்று வருடமாகத் திட்டு வாங்கியவன். அந்த ஒரு தகுதியில்தான் இதை எழுதுகிறேன்.

போன மாதம் எங்கள் கல்லூரியில் வணிகவியல் துறை விழா நடந்தது. சிறப்பு விருந்தினர் நன்றாகத்தான் பேசினார். (பெயர் வேண்டாம். நல்ல மனிதர்.) முடிக்கும்போது குரலை உயர்த்தி, "வெள்ளைக்காரன் சொல்கிறானே கேஷ், அது எங்கிருந்து போனது? நம்ம காசு! நீங்கள் கேஷ் புக்கைத் திறக்கும்போதெல்லாம் உலகத்துக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன் தமிழன் என்று நினைத்துக்கொள்ளுங்கள்" என்றார். அரங்கம் அதிர்ந்தது. பின்வரிசையில் விசில். பக்கத்திலிருந்தவன் என் தொடையில் தட்டி, "கேட்டியால?" என்றான்.

நான் கை தட்டவில்லை.

அன்று ராத்திரி வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் அந்தப் பேச்சின் வீடியோவைப் போட்டிருந்தார்கள். நான் அதற்குக் கீழே நாலே வரி எழுதினேன்: கேஷ் புக்கில் வரும் கேஷ் காசிலிருந்து வந்ததல்ல, காசிலிருந்து போன கேஷ் வேறு ஒன்று இருக்கிறது, நேரில் சொல்கிறேன். அவ்வளவுதான். பத்து நிமிடத்தில் முப்பது பதில். "நீ தமிழனால?" "மலையாளத்தான் மாதிரிப் பேசாத." "எல்லாம் தெரிஞ்ச ஏகாம்பரம் வந்துட்டாரு." ஒரு புண்ணியவான் என்னைக் குழுவைவிட்டே தூக்கிவிட்டான். காஸ்ட் அக்கவுண்டிங் நோட்ஸ் என்னிடம் மட்டும்தான் இருக்கிறது என்று மறுநாள் தெரிந்ததும் திரும்பச் சேர்த்துவிட்டான் என்பது தனிக் கதை :-)

வாட்ஸ்அப்பில் நாலு வரிக்கு மேல் யாரும் வாசிப்பதில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக இங்கே.

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். இரண்டு வருடம் முன்னால் நானும் இதையே மேடையில் முழங்கியவன்தான். கேரளத்தில் ஒரு கல்லூரிகளுக்கு இடையிலான பேச்சுப்போட்டி. செங்கோட்டையில் ரயில் ஏறி, கொல்லம் போகும் வழி முழுக்க மனப்பாடம் செய்துகொண்டு போனேன். கடைசிப் பஞ்ச் வசனம் கேஷ் - காசு. பேசி முடித்ததும் கேள்வி நேரம். ஒரு பெண் எழுந்து ரொம்ப மரியாதையாக ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "எங்களுக்கும் காசுதான். ஆனால் இந்த கேஷுக்கு மூலம் லத்தீன் காப்ஸா என்று அகராதியில் இருக்கிறதே. காசில் இல்லாத அந்த 'ப்' நடுவில் எங்கிருந்து வந்தது?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அசடு வழிந்து இறங்கினேன். ரயிலில் திரும்பும்போது எனக்கு அவள் மேல் கோபமே வரவில்லை. எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்த ஃபார்வர்டு மெசேஜ்கள் மேல்தான் வந்தது. அந்தக் கோபத்தில் தேடியதுதான் கீழே வருவதெல்லாம்.

பெட்டிக் கதை

ஒரு நல்ல ஆங்கில அகராதியில் கேஷ் என்ற சொல் இரண்டு தடவை வரும். எழுத்துப்பிழை அல்ல. ஒரே உச்சரிப்பு, ஒரே எழுத்து, ஆனால் இரண்டு தனிச் சொற்கள். நம் இலக்கணக்காரர்களுக்கு இது புதுசா என்ன? காசு என்றால் நாணயம். பழந்தமிழில் காசு என்றால் குற்றமும்தான். இரண்டையும் ஒன்றாக்கி, "காசு சேர்ப்பதே குற்றம் என்று சொன்னான் தமிழன்" என்று யாராவது கிளப்பினால் சிரிப்போமா, கை தட்டுவோமா? (இதையும் யாராவது ஃபார்வர்டு பண்ணிவிடாதீர்கள், தயவுசெய்து.)

நம் கேஷ் புக்கில் இருக்கும் கேஷ் முதலாவது கேஷ். அது ஆங்கிலத்துக்கு வந்தது பதினாறாம் நூற்றாண்டின் கடைசியில். பிரெஞ்சில் கெஸ், இத்தாலியனில் காஸ்ஸா, இரண்டுக்கும் மூலம் லத்தீன் காப்ஸா. பொருள் பெட்டி. பணம் இல்லை, பெட்டி. ரோமானியர்கள் புத்தகச் சுருள்களைப் போட்டு வைத்த உருளைப் பெட்டிக்குக்கூட காப்ஸா என்றுதான் பெயர். ஜுரத்துக்கு நாம் விழுங்கும் கேப்ஸ்யூல் இருக்கிறதே, அது "குட்டிப் பெட்டி". கண்ணாடியை வைக்கும் கேஸ் அதே குடும்பம். (கோர்ட்டில் போடும் கேஸ் வேறு சொல். அதையும் சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

ஆங்கிலத்திலும் கேஷ் முதலில் பணப்பெட்டியைத்தான் குறித்தது. பிறகு பெட்டிக்குள் இருக்கும் பணத்தையும் குறித்தது. நாளாக நாளாகப் பெட்டி மறைந்து பணம் மட்டும் மிஞ்சியது. மற்ற மொழிகளில் பெட்டி இன்னும் மறையவில்லை. ஜெர்மனியில் கடையில் பணம் கட்டும் இடம் காஸ்ஸெ. ரஷ்யாவில் டிக்கெட் கவுண்டர் காஸ்ஸா. ஸ்பானிஷில் காஹா என்றால் பெட்டியும் உண்டு, கல்லாவும் உண்டு. நம் ஊர் மளிகைக்கடையில் "கல்லாவில் எவ்வளவு இருக்கு?" என்று கேட்பதுபோலத்தான். கேஷியர் என்பவர் காசைப் பார்ப்பவர் இல்லை, கல்லாவைப் பார்ப்பவர்.

இப்போது என் துறைக்கு வருகிறேன். இரட்டைப் பதிவு முறையை அச்சில் முதன்முதலாக விரித்து எழுதியவர் லூகா பாச்சியோலி என்று முதல் வருடம் முதல் யூனிட்டில் படித்தோமே, நினைவிருக்கிறதா? இரண்டு மார்க் கேள்வி. அவர் புத்தகம் வெனிஸில் அச்சானது 1494இல். அதில் ரொக்கக் கணக்குக்கு அவர் வைத்திருக்கும் பெயர் காஸ்ஸா. வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுப் பக்கம் வந்து இறங்கியது 1498இல். நம் காசு கப்பல் ஏறி ஐரோப்பாவின் கணக்குப் புத்தகத்துக்குள் நுழைய வேண்டுமானால் நாலு வருடம் முன்னாலேயே நீந்திப் போயிருக்க வேண்டும்.

"ஏன், ரோமானியர்கள் முசிறிக்கு வரவில்லையா? அப்போதே கொண்டுபோயிருக்கலாமே?" என்று குழுவில் ஒருவன் கேட்டான். நல்ல கேள்வி. வந்தார்கள். மிளகு வாங்கினார்கள். அவர்கள் தந்த பொற்காசு, வெள்ளிக்காசெல்லாம் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் குடம் குடமாகக் கிடைத்திருக்கிறது. ஆனால் லத்தீனில் காப்ஸா என்பது பெட்டி, காசு அல்ல. அந்தச் சொல்லின் வேரும் லத்தீனிலேயே இருக்கிறது. 'பிடி, கொள்' என்ற பொருளுள்ள காப்பெரெ என்ற வினை. கொள்வதற்கு ஆனது கொள்கலம் மாதிரி, பிடிப்பதற்கு ஆனது காப்ஸா. வீட்டுக்குள்ளேயே அப்பா அம்மா இருக்கும் பிள்ளையை நாம் ஏன் "எங்கள் பிள்ளை" என்று தெருவில் இழுத்துக்கொண்டு போக வேண்டும்?

அப்படியானால் காசும் கேஷும் இவ்வளவு ஒத்துப் போவது? தற்செயல்தான். தற்செயல் என்று சொன்னாலே நம் ஆட்களுக்குக் கோபம் வந்துவிடுகிறது. ஆஸ்திரேலியாவில் வடக்கு குயின்ஸ்லாந்தில் ம்பபரம் என்று ஒரு பழங்குடி மொழி இருந்தது. அதில் நாய்க்குச் சொல் என்ன தெரியுமா? டாக். ஆங்கிலத்திலிருந்து வாங்கியதல்ல. அதன் அண்டை மொழிகளோடு ஒப்பிட்டு, அந்தச் சொல் அங்கேயே எப்படித் தேய்ந்து டாக் ஆனது என்று டிக்ஸன் என்ற மொழியியலாளர் காட்டியிருக்கிறார். பாரசீகத்தில் கெட்டது என்பதற்கு 'பத்'. ஆங்கிலத்தில் 'பேட்'. இரண்டுக்கும் சொந்தம் கிடையாது. உலகத்தில் இத்தனை ஆயிரம் மொழிகள், ஒவ்வொன்றிலும் இத்தனை ஆயிரம் சொற்கள். ஒலிகளோ கொஞ்சம்தான். ஒரு சொல்கூட முட்டிக்கொள்ளவில்லை என்றால்தான் ஆச்சரியம்.

நம் திருநெல்வேலிச் சீமையில் இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் 1856இல் ஒப்பிலக்கணம் வெளியிட்டார். திராவிட மொழிகள் தனிக்குடும்பம் என்று அவர் நிலைநாட்டியது சத்தம் ஒத்துப்போகும் பத்துச் சொல்லை வைத்துக்கொண்டு அல்ல. எண்ணுப்பெயர், இடப்பெயர், வேற்றுமை உருபு, வினை விகுதி என்று வரிசை வரிசையாக ஒப்பிட்டார். அவர் சொன்ன சிலதைப் பின்னால் வந்தவர்கள் மறுத்திருக்கலாம். ஆனால் வவுச்சர் இருந்தது. இப்போது சுற்றும் "ஆங்கிலத்தில் தமிழ்ச் சொற்கள்" பட்டியலில் எட்டிலிருந்து எய்ட், ஒன்றிலிருந்து ஒன், கொல்லிலிருந்து கில் என்று இருக்கிறது. எய்ட்டுக்கு லத்தீனில் ஆக்டோ, சமஸ்கிருதத்தில் அஷ்ட என்று அண்ணன் தம்பிகள் வரிசையாக நிற்கிறார்கள். அவர்களையெல்லாம் யார் எங்கே கொண்டுபோய் விடுவது?

நம்ம காசு நிஜமாகவே போன ஊர்கள்

இந்தப் பொய்யைச் சொல்வதால் ஒரு பெரிய உண்மை அடிபட்டுப் போகிறது. என் எரிச்சலுக்கு நிஜமான காரணம் இதுதான். அகராதியில் இரண்டாவது கேஷ் ஒன்று உண்டு என்றேனே, அது நூற்றுக்கு நூறு நம் காசிலிருந்து போனது. அதைப் பற்றி ஒருத்தரும் பேசுவதில்லை!

சங்க இலக்கியத்தில் காசு வரும் இடங்களைப் பாருங்கள். குறுந்தொகை 67ஆம் பாட்டில் அள்ளூர் நன்முல்லை என்ற புலவர், கிளி தன் வளைந்த அலகில் வேப்பம்பழத்தைப் பிடித்திருப்பதை, புது நூலில் கோக்கும் ஆள் நகநுனியில் பிடித்திருக்கும் பொன் காசுக்கு ஒப்பிடுகிறார். அங்கே காசு என்பது கோக்கும் மணி. இன்றும் காசுமாலை என்றுதானே சொல்கிறோம். தெலுங்கில் காசுலபேரு என்று அதே நகை. யாப்பிலக்கணத்தில் வெண்பாவின் கடைசிச் சீருக்கு நாள், மலர், காசு, பிறப்பு என்று பத்தாம் வகுப்பில் உருப்போட்டோமே, அதிலும் உட்கார்ந்திருக்கிறது.

சோழர் காலத்துக்கு வந்தால் காசு முழுக்க நாணயம். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளை எங்கள் சிலபஸில் சேர்க்க வேண்டும் என்பேன். கோயில் பணத்தை ஊர்ச்சபைகளுக்குக் கடன் கொடுத்திருக்கிறார்கள். வட்டி, ஆண்டுக்குக் காசு ஒன்றுக்கு அரைக்கால் காசு. அதாவது எட்டில் ஒரு பங்கு, 12.5 சதவீதம். இன்றைய பர்சனல் லோன் மாதிரிதான் இருக்கிறது. அந்தக் கல்வெட்டுகளில் வட்டிக்குப் பெயர் பலிசை. நாம் மறந்துவிட்டோம். மலையைத் தாண்டினால் கேரளத்து வங்கிகளில் இன்றும் வட்டிக்கு 'பலிச' என்றுதான் எழுதியிருக்கும். "மலையாளத்தான் மாதிரிப் பேசாத" என்று சொன்ன நண்பனுக்கு இதைக் காணிக்கையாக்குகிறேன். அவர்கள் மாதிரிப் பேசினால் சில சமயம் ராஜராஜன் மாதிரிப் பேசியதாகவும் ஆகிவிடும்.

(எங்கள் ஊர்ப் பெயரிலேயே ஒரு அச்சன் இருக்கிறார். மலையாளத்தில் அச்சன் என்றால் அப்பா. பாதிரியாரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். இதற்கு மேல் இதை இழுக்கமாட்டேன், கையில் வவுச்சர் இல்லை.)

பிறகு போர்ச்சுக்கீசியர்கள் வந்தார்கள். இங்கே புழங்கிய சின்ன நாணயத்துக்குப் பெயர் காசு என்று கேட்டு, தங்கள் வாயில் காய்ஷா என்று ஆக்கிக்கொண்டார்கள். வேடிக்கை என்னவென்றால் அவர்கள் மொழியில் ஏற்கெனவே ஒரு காய்ஷா இருந்தது. அதற்குப் பொருள் பெட்டி! அதே லத்தீன் காப்ஸாவின் பேரன். மேற்கிலிருந்து வந்த பெட்டியும் கிழக்கிலிருந்து வந்த காசும் ஒரே வேஷத்தில் சந்தித்த இடம் லிஸ்பன்காரன் நாக்கு. அவர்களிடமிருந்து ஆங்கிலேயன் வாங்கி, தன்னிடமிருந்த பழைய கேஷ் மாதிரியே எழுதிவைத்தான். குழப்பம் இப்படித்தான் வந்தது. தெரிந்தே யாரும் நம் சொல்லைத் திருடவில்லை.

யூலும் பர்னெலும் 1886இல் வெளியிட்ட ஹாப்ஸன் ஜாப்ஸன் அகராதியில் இந்த இரண்டாவது கேஷுக்குத் தனிப் பதிவே இருக்கிறது. பர்னெல் தஞ்சாவூரில் ஜட்ஜாக இருந்தவர், நம்மூர் மொழி தெரிந்தவர். சென்னையில் கம்பெனிக்காரன் 1818 வரை கணக்கு எழுதியது எப்படி என்றால், 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு பகோடா. ஆக ஒரு பகோடாவுக்கு 3360 காசு. நம் மெட்ராஸ் கணக்குப்பிள்ளைகள் இதை எல்லாம் கால்குலேட்டர் இல்லாமல் போட்டார்கள். நமக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி போட ஃபோன் வேண்டும்.

அந்தக் காசை அச்சடித்தது எங்கே தெரியுமா? பர்மிங்ஹாம், சோஹோ ஆலை. 1803லும் 1808லும் வந்த செப்புக் காசுகளில் ரோமன் எண்ணில் பத்து, இருபது என்று போட்டுப் பக்கத்தில் 'கேஷ்' என்று பொறித்தார்கள். 1808ஆம் வருடக் காசுகளை டன் கணக்கில் ஏற்றிக்கொண்டு மெட்ராஸுக்குக் கிளம்பிய அட்மிரல் கார்ட்னர் என்ற கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையைத் தாண்டுவதற்குள் குட்வின் மணல்திட்டில் மூழ்கியது. 1980களில் முக்குளிப்பவர்கள் அள்ளிக்கொண்டு வந்தார்கள். இன்றும் அந்த நாணயங்கள் உலகம் முழுக்க விற்பனைக்கு வருகின்றன. இங்கிலீஷ் கடலுக்கடியில் நூற்றெழுபது வருடத்துக்கு மேல் கிடந்தது நம்ம காசு என்ற சொல். சிறப்பு விருந்தினர் இதைச் சொல்லியிருந்தால் நான் நாற்காலி மேல் ஏறி விசிலடித்திருப்பேன்.

இன்னும் இருக்கிறது. சீனாவில் நடுவில் சதுர ஓட்டை போட்ட செப்பு நாணயம் பார்த்திருப்பீர்கள், சினிமாவிலாவது. கயிற்றில் கோத்து வைப்பார்கள். அதற்குச் சீனப் பெயர் வேறு. ஆனால் ஆங்கிலத்தில் அதன் பெயர் கேஷ். போர்ச்சுக்கீசியனும் ஆங்கிலேயனும் இந்தியாவில் கற்றுக்கொண்ட சொல்லைச் சின்ன நாணயத்துக்கெல்லாம் பொதுப்பெயராக்கிக் கிழக்கே கொண்டுபோய்விட்டார்கள். இன்று லண்டன் மியூசியத்தில் சீன நாணயத்தின் கீழே எழுதியிருக்கும் கேஷ், பெட்டி இல்லை. அது நம்ம காசு.

எட்டுக் காசு

எங்கள் ஆச்சிக்குப் பூர்வீகம் செங்கோட்டை. தென்காசியிலிருந்து பத்து கிலோமீட்டர்கூட இருக்காது. ஆனால் 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு (அன்றைக்கு மெட்ராஸ் மாநிலம்) சேரும்வரை அது திருவிதாங்கூர் பக்கத்து ஊர். தென்காசியில் வெள்ளைக்காரன் ரூபாய், செங்கோட்டையில் மகாராஜா சக்கரம். 16 காசு ஒரு சக்கரம், 28 சக்கரம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். வெள்ளைக்காரன் ரூபாய் கொஞ்சம் கனம், அதற்கு 28 சக்கரம் 8 காசு. மாட்டை ஓட்டிக்கொண்டு சந்தைக்குப் போனவனுக்கெல்லாம் ஃபாரின் எக்ஸ்சேஞ்ச் தெரிந்திருக்க வேண்டும்.

குழுவில் சண்டை நடந்த மறுநாள் ஆச்சியிடம் சும்மா கேட்டேன். வெற்றிலைப் பெட்டியின் அடித்தட்டிலிருந்து ஒரு செப்பு நாணயத்தை எடுத்துத் தந்தாள்.

"இது என்ன துட்டு ஆச்சி?"

"துட்டுன்னு சொல்லாதல. இது எட்டுக் காசுல்லா. எங்கம்மை வச்சிருந்தது. அரைச் சக்கரம்."

ஒரு பக்கம் சங்கு. இங்கிலீஷில் 'எய்ட் கேஷ்' என்று பொறித்திருக்கிறது. அந்த வீட்டில் எத்தனை தரம் சத்யா டிவியில் கேட்டிருப்பேன் "தமிழின் பெருமை", எத்தனை ஃபார்வர்டு அனுப்பியிருப்பேன். வெற்றிலைப் பெட்டிக்குள் அசல் வவுச்சர் தூங்கிக்கொண்டிருந்தது. காசு என்று கூப்பிட்டு, கேஷ் என்று எழுதிய நாணயம்.

அந்தப் பக்கத்து ஆட்களுக்கும் இரண்டு வார்த்தை

குழுவில் இன்னொரு கோஷ்டி. நான் முதல் கோஷ்டியை மறுத்ததும் சந்தோஷமாக வந்து, "அப்படிச் சொல்லு. காசே தமிழ் இல்லை, சமஸ்கிருதக் கர்ஷம். எல்லாமே அங்கிருந்து வந்ததுதான்" என்றார்கள். ஐயா, நான் உங்கள் ஆளும் இல்லை.

கர்ஷம் என்பது ஒரு எடை. நாலு கர்ஷம் ஒரு பலம். திருக்குறள் 1037இல் கஃசு என்று ஒரு சொல் வரும். உழவு அதிகாரம், ஒரு பலப் புழுதி கால் பலமாகக் காய வேண்டும் என்ற இடம். கஃசு என்றால் கால் பலம். கர்ஷமும் கால் பலம். ஒலி, பொருள், அளவு மூன்றும் பொருந்துகிறது. கஃசும் கர்ஷமும் ஒன்று என்றால் நான் மறுக்கவே மாட்டேன். இதற்குப் பெயர்தான் பொருத்தம். கேஷ் - காசு ஆட்கள் கவனிக்க.

ஆனால் கஃசு வேறு, காசு வேறு. நம் பழம்பாட்டில் காசு எடையாக வரவில்லை, கோக்கும் மணியாக வருகிறது. ஹாப்ஸன் ஜாப்ஸன்காரர்கள் காசைக் கர்ஷத்தோடு சேர்த்தார்கள். பரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியிலோ காசு மலையாளம், கன்னடம், துளு, தெலுங்கு என்று உறவினர்களோடு இருக்கிறது. சிங்களத்திலும் நாணயத்துக்குக் காசி. ட்ரையல் பேலன்ஸ் ஒத்துவராதபோது நாம் என்ன செய்வோம்? வித்தியாசத்தை அனாமத்துக் கணக்கில் போட்டுவிட்டு, ஆதாரம் வரும்வரை தேடுவோம். லாபத்தில் சேர்க்கமாட்டோம், நஷ்டத்திலும் சேர்க்கமாட்டோம். காசு - கர்ஷம் என் புத்தகத்தில் அனாமத்தில் இருக்கிறது. (அனாமத்தே அரபி அமானத்திலிருந்து வந்தது. தமிழ்வழி அக்கவுண்டன்சி புத்தகம் இதற்காக வெட்கப்படவில்லை.)

அதே புத்தகத்தில் கேஷ் புக்குக்கு என்ன பெயர்? காசு ஏடா? ரொக்க ஏடு. ரொக்கம் எங்கள் சொல் என்று கன்னடத்தில் சொல்வார்கள், அங்கே ரொக்க. தெலுங்கில் ரொக்கம். இந்தியில் ரோகட், குஜராத்தியிலும் மராத்தியிலும் அதே. ஆச்சி முகம் சுளித்த துட்டு மட்டும்? டச்சுக்காரன் செப்புக் காசான டௌட்டிலிருந்து வந்தது என்பார்கள். மலாயில் இன்றும் பணத்துக்கு டூயிட் என்றுதான் சொல் என்பதால் நம்பலாம் போலத்தான் இருக்கிறது. தூத்துக்குடியை டச்சுக்காரன் பிடித்தது 1658இல். பணத்தைப் போலவேதான் பணத்தின் பெயரும் கைமாறிக்கொண்டே இருக்கிறது.

"சரிடா, தப்பாகவே இருக்கட்டும். தமிழ்ப்பெருமைதானே பேசினார், உனக்கு என்ன நஷ்டம்?" என்று நல்ல நண்பன் ஒருவன் தனியாக மெசேஜ் அனுப்பினான். நஷ்டம் எனக்குத்தான்டா. கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணி, அணைக்கட்டு என்று ஆங்கிலத்துக்கு உண்மையாகவே போன சொற்களை அடுத்த முறை ஒரு வெளியூர் ஆளிடம் சொன்னால், "ஆமாம், கேஷும் உங்களுடையதுதானே" என்று சிரிப்பான். கள்ளநோட்டு ஒன்று கட்டுக்குள் இருந்தால் பேங்கில் கட்டு முழுவதையும் திரும்ப எண்ணுவார்கள். கொல்லத்தில் என்னை எண்ணிவிட்டார்கள். அங்கே அந்தப் பெண் சிரிக்கவில்லை, அது அவள் பெருந்தன்மை. எங்கள் ஜூனியர் பையன்கள் முன்னூறு பேர் அன்று கை தட்டினார்களே, அவர்களில் ஒருவன் நாளைக்கு ஏதாவது ஒரு இன்டர்வியூவில் இதைச் சொல்வான். எதிரே இருப்பவர் அவளைப் போலவே இருப்பார் என்று என்ன உத்தரவாதம்?

விருந்தினருக்கு இதை ஒரு கடிதமாக எழுதிக் கொடுக்கலாமா என்று துறைத்தலைவரிடம் கேட்டேன். "செமஸ்டர் முடியட்டும்" என்றார். முடியட்டும்.

ஆச்சியிடம் அந்த எட்டுக் காசை ஒரு நாளைக்குக் கடன் கேட்டிருக்கிறேன். "தொலைச்சேன்னா வீட்டுக்கு வராத" என்ற கண்டிஷனோடு தந்திருக்கிறாள். திங்கட்கிழமை கொண்டுவருகிறேன். குழுவில் என்னைத் தூக்கியவன் உட்பட, பார்க்க நினைப்பவர்கள் இரண்டாவது பீரியட் முடிந்ததும் கேன்டீன் பக்கம் வரவும். டீக்கு அவரவர் துட்டு.